முழுத்தானிய மாவில் சவர்டோ ஏன் தட்டையாகிறது? நேரத்தைக் கூட்டாமல் குறைத்துப் பாருங்கள்

வெள்ளை மாவில் நன்றாக எழும்பும் சவர்டோ பிரெட் (கடை ஈஸ்ட் இல்லாமல், இயற்கையாகப் புளிக்கவைத்த மாவில் செய்வது), அதே செய்முறையில் முழுக்கோதுமை மாவைப் போட்டதும் தட்டையாகவும் கனமாகவும் வருகிறது, உள்ளே பிசுபிசுக்கிறது, புளிப்பும் தூக்கலாக இருக்கிறது. ரை என்ற தானியத்தின் மாவைச் சேர்த்தால் இன்னும் மோசம். ஸ்டார்ட்டர் (புளிக்கவைக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் வாழும் மாவு-தண்ணீர்க் கலவை) பலவீனமா, இன்னும் அதிக நேரம் புளிக்க விடலாமா, மற்ற தானிய மாவுகளை எவ்வளவு கலக்கலாம், இவ்வளவு பாடுபட்டுச் செய்யும் முழுத்தானிய பிரெட் வயிற்றுக்கு உண்மையிலேயே நல்லதா? இவைதான் உங்கள் கேள்விகள்.

உங்கள் ஸ்டார்ட்டர் வெள்ளை மாவை எழுப்புகிறது என்றால் அதில் குறை இல்லை. பிரெட் எழும்பவில்லை என்றதும் பெரும்பாலானோர் அடுத்த முறை இன்னும் இரண்டு மணி நேரம் சேர்த்து விடுகிறார்கள். முழுத்தானிய மாவுக்கு அது நேர் எதிரான வைத்தியம். முழுத்தானிய மாவு வேகமாகப் புளிக்கும். தன் பிடிப்பையும் அதே வேகத்தில் இழக்கும். வெள்ளை மாவுக்கு எழுதிய நேரக் கணக்கை அதன் மேல் சுமத்துவதால்தான் பிரெட் அமுங்குகிறது. மாவு இளசாக இருக்கும்போதே நிறுத்தி, வடிவம் கொடுத்து, ஓவனில் வைத்தால் உங்கள் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மீதி, தண்ணீரும் வெப்பமும்.

கோதுமை மணியின் எடையில் சுமார் 83 சதவீதம் மாவுச்சத்தும் புரதமும் நிறைந்த உள்பகுதி. சுமார் 14 சதவீதம் தவிடு. மீதி 2 முதல் 3 சதவீதம் முளை. வெள்ளை மாவு என்பது அந்த உள்பகுதி மட்டும்தான். முழுக்கோதுமை மாவில் தவிடும் முளையும் கூடவே வருகின்றன, வரும்போது தங்கள் குணங்களையும் கொண்டுவருகின்றன. தவிட்டுத் துணுக்குகள் குளூட்டன் வலையை, அதாவது வாயுவைப் பிடித்துவைக்கும் கோதுமைப் புரத வலையை, குத்திக் கிழிக்கும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அது ஓரளவு உண்மைதான், ஆனால் அதை மட்டுமே காரணமாக நினைத்துக்கொண்டால் மற்றவை கண்ணில் படாமல் போகும். தவிடு தண்ணீரை மெதுவாக, ஆனால் நிறைய இழுக்கும். குளூட்டனுக்குப் போய்ச் சேர வேண்டிய தண்ணீரையும் சேர்த்தே இழுக்கும். முளையில் குளூட்டத்தயோன் என்ற பொருள் இருக்கிறது. குளூட்டன் இழைகளைக் கோத்துப் பிடிக்கும் கந்தகப் பிணைப்புகளை அது தளர்த்துகிறது. பிசையும்போது உறுதியாகத் தெரிந்த மாவு சிறிது நேரத்தில் தளர்ந்து பரவுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது தாதுக்கள். மாவை எரித்தால் மிஞ்சும் சாம்பலின் அளவை வைத்து அதில் எவ்வளவு தவிடு இருக்கிறது என்று கணிப்பார்கள். வெள்ளை மாவில் சாம்பல் சுமார் 0.5 சதவீதம், முழுக்கோதுமையில் 1.5 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். (ஜெர்மன் மாவுப் பைகளில் 550, 1050 என்று இருக்கும் எண்கள் இந்தச் சாம்பல் கணக்குதான்: 100 கிராம் உலர்ந்த மாவில் எத்தனை மில்லிகிராம் சாம்பல் என்பது. மாவு வாங்கும்போது இது தெரிந்திருந்தால் உதவும்.) இந்தத் தாதுக்கள் அமிலத்தைத் தாங்கிக்கொள்கின்றன. அதாவது பாக்டீரியா அமிலம் சுரந்துகொண்டே இருந்தாலும் மாவின் பிஎச் (அமிலம் கூடக் கூட இறங்கும் அளவு) சட்டென்று இறங்காது. பிஎச் அதிகம் இறங்கினால் பாக்டீரியாவின் வேகம் தானாகத் தணியும். இங்கே அந்தத் தடை தாமதமாக வருவதால் அவை இன்னும் நெடுநேரம் வேலை செய்கின்றன. பிஎச் மீட்டரில் வெள்ளை மாவும் முழு மாவும் ஒரே எண்ணைக் காட்டும்போதுகூட முழு மாவில் சேர்ந்திருக்கும் மொத்த அமிலம் அதிகம். நாக்கு உணர்வது அந்த மொத்தத்தை. உங்கள் பிரெட் புளிப்பாக இருப்பதன் காரணம் இது.

அந்த அமிலம் சுவையோடு நிற்பதில்லை. தானியத்திலேயே புரதத்தை வெட்டும் என்சைம்கள் இருக்கின்றன, அவற்றில் முக்கியமானவை அமிலச் சூழலில்தான் நன்றாக இயங்கும். தவிடும் முளையும் சேர்ந்த மாவில் என்சைம்கள் அதிகம், அமிலமும் அதிகம். ஆகவே ஒரு கட்டத்துக்குப் பிறகு, ஈஸ்ட் வாயுவை உண்டாக்கும் வேகத்தைவிட அதைப் பிடித்துவைக்கும் வலை அறுபடும் வேகம் கூடிவிடுகிறது. அந்தக் கட்டத்தைத் தாண்டிய மாவை எவ்வளவு மடித்தாலும் இறுக்கம் திரும்பாது.

அந்தக் கட்டத்துக்கு முன் நிறுத்துவதற்குக் கடிகாரத்தைவிடக் கையையும் கண்ணையும் நம்புங்கள். வெள்ளை மாவில் பல்க் ஃபெர்மென்டேஷன், அதாவது வடிவம் கொடுப்பதற்கு முன் மாவு மொத்தமாகப் புளிக்கும் கட்டம், மாவு முக்கால் பங்கோ ஒரு மடங்கோ பெருகும்வரை போகலாம். முழுக்கோதுமை 70, 80 சதவீதம் இருக்கும் மாவில் 40 முதல் 50 சதவீதம் பெருகினாலே நிறுத்திவிடுங்கள். பாத்திரத்தில் அளப்பது கடினமாக இருந்தால், எல்லாவற்றையும் கலந்து முடித்ததும் 50 கிராம் மாவைக் கிள்ளி, நேரான சுவருள்ள சிறு கண்ணாடிக் குவளையில் அழுத்தி வைத்து, மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டைப் போடுங்கள். அந்த மட்டம் பாதி அளவு கூடியதும் பெரிய மாவும் தயார். குவளையைப் பெரிய பாத்திரத்தை ஒட்டியே வைக்க வேண்டும், இரண்டும் ஒரே வெப்பத்தில் இருந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

சரியான தருணத்தில் மாவு எப்படி இருக்கும் என்பதையும் சொல்கிறேன். மேற்பரப்பு லேசாகக் குவிந்திருக்கும். பாத்திரத்தை ஆட்டினால் மொத்தமாக அசையும். பக்கவாட்டில் சிறு குமிழிகள் தெரியும். ஈரக் கையால் ஓரத்தை இழுத்தால் கொஞ்சம் நீண்டு, பிறகு மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும். மணம் பால்புளிப்பும் தானிய வாசனையுமாக மென்மையாக இருக்கும். தாண்டிவிட்ட மாவில் குவிவு மறைந்து மேற்பரப்பு தட்டையாகும், ஆங்காங்கே சிறு பொத்தல்கள் விழும், இழுத்தால் நீளாமல் பிய்யும், பிய்ந்த இடம் ஈர மணல்போல் சொரசொரக்கும், மூக்கில் காடி வாசனை ஏறும். அப்படி ஆகிவிட்டால் மாவைக் கொட்ட வேண்டாம். வடிவம் கொடுக்க முயலாமல் எண்ணெய் தடவிய டின்னில் ஊற்றிச் சுட்டுவிடுங்கள். கொஞ்சம் அடர்த்தியாக, புளிப்பாக, ஆனால் டோஸ்ட் செய்தால் அருமையாக இருக்கும்.

இனி வெப்பம். சவர்டோவில் வாழும் ஈஸ்டுக்கும் பாக்டீரியாவுக்கும் பிடித்த வெப்பம் ஒன்றல்ல. 1998-ல் வெளியான ஓர் ஆய்வு, சவர்டோவில் அடிக்கடி காணப்படும் ஒரு பாக்டீரியாவையும் ஓர் ஈஸ்டையும் பல வெப்பநிலைகளில் வளர்த்துக் கணக்கிட்டது. ஈஸ்ட் 27 டிகிரி செல்சியஸ் அளவில் மிக வேகமாக வளர்ந்தது. பாக்டீரியாவுக்கு உச்சம் 32, 33 டிகிரி. 36 டிகிரியில் அந்த ஈஸ்ட் வளர்ச்சியே நின்றுவிட்டது. இதைச் சமையலறைக்குப் பொருத்தினால்: மாவு 30 டிகிரியைத் தாண்டினால் எழுச்சியைவிட அமிலம் முந்திக்கொள்ளும். முழுத்தானிய மாவுக்கு நான் சொல்லும் வெப்பம் 25, 26 டிகிரி. அறையை மாற்ற முடியாது, தண்ணீரை மாற்றலாம்.

அதற்கு எளிய கணக்கு உண்டு. பிசைந்த மாவுக்கு வேண்டிய வெப்பத்தை 4-ஆல் பெருக்குங்கள். அதிலிருந்து அறை, உலர்ந்த மாவு, ஸ்டார்ட்டர் ஆகிய மூன்றின் வெப்பத்தையும் கழியுங்கள். மிஞ்சுவது தண்ணீரின் வெப்பம். அறை, உலர்ந்த மாவு, ஸ்டார்ட்டர் எல்லாம் 30 டிகிரியில் இருக்கின்றன, பிசைந்த மாவு 26-ல் வேண்டும் என்றால் 104-லிருந்து 90 போக 14 டிகிரி. அதாவது ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்த தண்ணீர். மிக்சரில் பிசைந்தால் உராய்வுச் சூட்டுக்காக இன்னும் சில டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த கூடை, பிளேடு, கல் எல்லாவற்றையும்விட அதுதான் அதிகம் உதவும்.

தண்ணீரின் அளவுக்கு வருவோம். வெள்ளை மாவுக்கு 70 சதவீதம் போதும் என்றால், முழுக்கோதுமைக்கு 80 முதல் 88 சதவீதம் வரை தேவைப்படும். பேக்கர்கள் எல்லாவற்றையும் மொத்த மாவை 100 ஆக வைத்துத்தான் சொல்வார்கள், ஸ்டார்ட்டரில் இருக்கும் மாவும் தண்ணீரும் அந்தக் கணக்கில் சேரும். தண்ணீரின் அளவைவிட முக்கியம், அது எப்போது சேர்கிறது என்பது. ஸ்டார்ட்டரும் உப்பும் இல்லாமல் மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து ஊறவிடுவதை ஆட்டோலீஸ் என்பார்கள். பிரெஞ்சு பேக்கிங் ஆசான் ரேமோன் கால்வெல் 1974-ல் வகுத்துக் கொடுத்த முறை. வெள்ளை மாவுக்கு அரை மணி நேரம் போதும். முழு மாவுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள், தவிடு நன்றாக நனைந்து மிருதுவாகும். நனைந்த தவிடு வலையைக் குத்துவதும் குறையும். சமையலறை சூடாக இருந்தால் இந்த ஊறலை ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரவு முழுவதும் வெளியே ஊறவிடச் சொல்லும் குறிப்புகளை நான் ஏற்பதில்லை. என்சைம்கள் அதிகமுள்ள மாவில் அது பிடிப்பைக் கரைக்கும் வேலை.

ஸ்டார்ட்டரைப் பொறுத்தவரை இளசாகப் போடுங்கள். உச்சத்துக்கு ஏறி, நடுவில் குழி விழத் தொடங்கிய ஸ்டார்ட்டரில் அமிலம் ஏற்கனவே குவிந்திருக்கும், அதைச் சேர்த்தால் மாவு பிறக்கும்போதே பாதி வயதோடு பிறக்கிறது. முந்தைய ஸ்டார்ட்டர் ஒரு பங்கு, புதிய மாவு 4 பங்கு, தண்ணீர் 4 பங்கு என்று நன்றாக நீர்த்துப் புதுப்பித்து, மேற்பரப்பு இன்னும் குவிந்திருக்கும்போதே எடுத்துவிடுங்கள். மொத்த மாவில் 10 சதவீதம் மட்டும் ஸ்டார்ட்டர் வழியாக வந்தால் போதும்.

ஓர் அளவு தருகிறேன், இதை அடிப்படையாக வைத்து மாற்றிக்கொள்ளலாம். முழுக்கோதுமை மாவு 350 கிராம், புரதம் அதிகமுள்ள வெள்ளை பிரெட் மாவு 100 கிராம், தண்ணீர் 360 கிராம், உப்பு 10 கிராம், முழுக்கோதுமையும் தண்ணீரும் சமமாகச் சேர்த்துப் புதுப்பித்த இளம் ஸ்டார்ட்டர் 100 கிராம். ஸ்டார்ட்டரில் உள்ளதையும் சேர்த்தால் மொத்த மாவு 500, மொத்தத் தண்ணீர் 410. ஆக தண்ணீர் 82 சதவீதம், உப்பு 2 சதவீதம், முழுக்கோதுமையின் பங்கு 80 சதவீதம். 340 கிராம் தண்ணீரில் மாவுகளைக் கலந்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு, ஸ்டார்ட்டரைச் சேர்த்துப் பிசையுங்கள். 20 நிமிடம் கழித்து மீதித் தண்ணீரில் உப்பைக் கலந்து சேருங்கள். பிறகு அரை மணிக்கு ஒருமுறை, மூன்று முறை ஓரங்களை இழுத்து மடியுங்கள். நான்காவது மடிப்பு வேண்டாம், அதற்குள் மாவில் வாயு சேர்ந்திருக்கும். 26 டிகிரியில் ஸ்டார்ட்டர் சேர்த்ததிலிருந்து சுமார் 4 மணி நேரத்தில் பாதி அளவு பெருகும். உங்கள் மாவில் மூன்றரையாகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம், குவளையைப் பாருங்கள்.

வடிவம் கொடுக்கும்போது மெதுவாக, ஒரே முறை. முழுமாவின் தோல் வெள்ளை மாவின் தோலைப்போல் இழுபடாது. இறுக்க முயன்றால் கிழியும். கூடையில் வைத்து உடனே 4 டிகிரி ஃப்ரிட்ஜில் 8 முதல் 12 மணி நேரம். ஃப்ரிட்ஜின் குளிர் மாவின் நடுவுக்கு இறங்க ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், அதுவரை மாவு எழும்பிக்கொண்டேதான் இருக்கும். பல்க்கைச் சீக்கிரம் முடிக்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். ஃப்ரிட்ஜில் 24, 36 மணி நேரம் வைப்பது வெள்ளை மாவுக்குச் சரி. இதற்கு வேண்டாம்.

மூடியுள்ள கனமான இரும்புப் பாத்திரத்தை ஓவனிலேயே 245 டிகிரிக்குச் சூடாக்கி, மாவைக் கீறி உள்ளே இறக்கி, மூடி 20 நிமிடம், மூடியை எடுத்து 220 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். மூடி எதற்கென்றால், மாவிலிருந்து வரும் நீராவி உள்ளேயே நின்று மேலோடு சீக்கிரம் இறுகாமல் பார்த்துக்கொள்ளும். நடுவில் வெப்பமானியைக் குத்தினால் 97, 98 டிகிரி காட்ட வேண்டும். ஆனால் அந்த எண்ணை எட்டியதுமே எடுத்துவிடாதீர்கள். முழுமாவு பிரெட்டில் தண்ணீர் அதிகம், எண்ணை எட்டிய பிறகும் சில நிமிடம் உலர வேண்டும். உள்ளே பிசுபிசுப்பதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். மீதிப் பாதி, சூடாக இருக்கும்போதே வெட்டுவது. முழுக்கோதுமை பிரெட்டை முழுதாக ஆறும்வரை, குறைந்தது 3 மணி நேரம், விடுங்கள்.

80 சதவீதம் முதல் முயற்சிக்கு அதிகம் என்று தோன்றினால் 30-ல் தொடங்கி, பிரெட் கைக்கு வந்த பிறகு 50, 70 என்று ஏறலாம். ஒவ்வொரு படியிலும் தண்ணீரைச் சிறிது கூட்டி, பல்க்கைச் சிறிது குறைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும், ஆகவே ஒரு முறைக்கு ஒன்று. ஏறும்போது ஒரு நல்ல வழி இருக்கிறது: முழுமாவைச் சலித்துத் தவிட்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்தத் தவிட்டின் மேல் அதன் எடையைப்போல் இரு மடங்கு கொதிநீரை ஊற்றி ஆறவிட்டு, குளூட்டன் ஓரளவு உருவான பிறகு, இரண்டாவது மடிப்பின்போது மாவில் திரும்பச் சேருங்கள். ஊற்றிய தண்ணீரை மொத்தக் கணக்கில் கழிக்க மறக்க வேண்டாம். ஒரு கிராம் தவிடுகூட வெளியே போகவில்லை, பிரெட்டோ கண்கூடாக உயரும். எனக்கு இந்த ஒரு மாற்றம் மற்ற எல்லா நுட்பங்களையும்விடப் பிடிக்கும்.

ரை மாவு தனி உலகம். அதில் புரதம் இருக்கிறது, ஆனால் கோதுமைபோல் வலை பின்னாது. ரையைப் பிடித்து நிறுத்துவது பென்டோசன் என்ற பசைத்தன்மையுள்ள நார்ப்பொருள். தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரைக் குடிக்கக் கூடியது. ரை மாவு கையில் களிம்பாக ஒட்டுவது அதனால்தான், அதைப் பிசைந்து சரிசெய்ய முடியாது, கரண்டியால் கலந்து டின்னில் இடுவதே முறை. இங்கே புளிப்பு பற்றி நான் மேலே சொன்னது தலைகீழாகிறது. ரை மாவுச்சத்து 55 முதல் 70 டிகிரிக்குள் கஞ்சியாகிவிடும். அதை உடைத்துச் சர்க்கரையாக்கும் அமைலேஸ் என்சைம் அந்த வெப்பத்தைத் தாண்டியும் உயிரோடு இருக்கும். ஓவனில் இரண்டும் சந்திக்கும் அந்தச் சில நிமிடங்களில் உள்பாகம் கூழாகிவிடுகிறது. அமிலம்தான் அந்த என்சைமை அடக்கும். எனவே ரை அதிகமுள்ள பிரெட்டுக்குப் புளிப்பு கட்டாயம். மொத்த ரை மாவில் 30 முதல் 40 சதவீதத்தை முன்னாலேயே ஸ்டார்ட்டராகப் புளிக்கவைத்துச் சேர்க்க வேண்டும். சுட்ட பிறகு ஒரு துணியில் சுற்றி 24 மணி நேரம் கழித்துத்தான் வெட்ட வேண்டும். கோதுமை மாவில் 10, 15 சதவீதம் ரை கலப்பதாக இருந்தால் இந்தக் கவலை எதுவும் இல்லை. சுவை கூடும், ஈரம் தங்கும், புளிப்பு சற்று முந்தும், அவ்வளவே.

ஸ்பெல்ட் என்ற பழைய கோதுமை வகையின் மாவு எளிதில் நீளும், ஆனால் திரும்பி இழுக்காது. முழுக்கோதுமையைவிடத் தண்ணீரை 5 சதவீதம் குறைத்து, மிகக் குறைவாகப் பிசைந்து, டின்னில் சுடுங்கள். ஐன்கார்ன் என்ற இன்னொரு பழைய கோதுமை இன்னும் தளர்ந்தது, ஒட்டும். ஆனால் அதன் பொன்னிறமும் மணமும் அந்தச் சிரமத்துக்குத் தகும். துரும் கோதுமை மாவு இதற்கு எதிர், இறுக்கமாக இருக்கும், நீளாது, தண்ணீரை நிறைய ஏற்கும். பார்லி, ஓட்ஸ், சோளம் போன்றவற்றை மொத்த மாவில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது. அவற்றைப் பச்சையாகச் சேர்ப்பதைவிட, இரு மடங்கு கொதிநீர் ஊற்றிக் கிளறி, கெட்டியான கூழாக்கி ஆறவிட்டுச் சேர்த்தால் வெந்த மாவுச்சத்து தண்ணீரைப் பிடித்துவைக்கும், பிரெட் பல நாள் மிருதுவாக இருக்கும்.

ஸ்டார்ட்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நூறு வருடப் பழமையான ஸ்டார்ட்டரை எங்கிருந்தாவது தருவிக்கலாமா என்று பலர் யோசிக்கிறார்கள். தேவையில்லை. 1971-ல் கலிபோர்னியாவில் கிளைன், சுகிஹாரா என்ற ஆய்வாளர்கள் சான் பிரான்சிஸ்கோ சவர்டோவில் ஒரு பாக்டீரியாவைக் கண்டறிந்தார்கள். அந்த நகரத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பிறகு அதே பாக்டீரியா ஐரோப்பாவின் ஸ்டார்ட்டர்களிலும் வேறு பல இடங்களிலும் கிடைத்தது. 2021-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, நான்கு கண்டங்களிலிருந்து வந்த 500 ஸ்டார்ட்டர்களைச் சோதித்து, எந்த ஊர் என்பதை வைத்து அதில் எந்த நுண்ணுயிர் இருக்கும் என்று சொல்ல முடியாது என்று கண்டது. புதிதாகத் தொடங்குபவர்கள் முழு ரை அல்லது முழுக்கோதுமை மாவில் தொடங்குங்கள்; தவிட்டோடு நுண்ணுயிர்களும் தாதுக்களும் வரும். இரண்டாம் நாளே பொங்கி நாற்றம் அடித்துவிட்டு மூன்றாம் நாளிலிருந்து அசைவில்லாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். முதலில் பொங்கியது ஈஸ்ட் இல்லை, வேறு பாக்டீரியா. அமிலம் ஏற ஏற அவை அடங்கும், அதன் பிறகுதான் ஈஸ்ட் தலைதூக்கும். ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம், தினமும் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.

முழுமாவை நிறைய வாங்கிச் சேர்த்துவைக்காதீர்கள். முளையின் எண்ணெய் சில வாரங்களில் காறத் தொடங்கும். அந்தக் கசப்பைத் தவிட்டின் குணம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும், பிசையும் முன் வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். பிரெட்டை மட்டும் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், அந்தக் குளிரில் மாவுச்சத்து இறுகி பிரெட் சீக்கிரம் விறைக்கும். வெட்டி ஃப்ரீசரில் வையுங்கள், அல்லது வெளியே துணியில் சுற்றி வையுங்கள்.

வயிற்றுக்கு நல்லதா என்ற கேள்விக்கு, பெரும்பாலானோருக்கு நல்லது என்று தயங்காமல் சொல்லலாம், காரணத்தோடு. தவிட்டில் இரும்பு, துத்தநாகம், மக்னீசியம் நிறைய உண்டு, ஆனால் பைட்டிக் அமிலம் அவற்றைப் பிடித்துவைத்திருப்பதால் உடலால் முழுதாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. மாவிலேயே பைட்டேஸ் என்ற என்சைம் இருக்கிறது, பிஎச் 5-ஐ ஒட்டி வரும்போது அது சுறுசுறுப்பாகி பைட்டிக் அமிலத்தை உடைக்கும். சவர்டோ மாவு சில மணி நேரம் அந்த எல்லையில்தான் இருக்கிறது. கோதுமையில் உள்ள ஃப்ரக்டான் என்ற சர்க்கரைத் தொடரும் ஓரளவு குறைவதால், சாதாரண பிரெட் தின்றால் வயிறு உப்பும் சிலருக்கு இது ஒத்துக்கொள்கிறது.

ஆனால் சீலியாக் நோய் (குளூட்டன் குடலைப் பாதிக்கும் நோய்) உள்ளவர்களுக்கு இந்த பிரெட்டைக் கொடுக்கவே கூடாது. புளித்தால் குளூட்டன் போய்விடும் என்று சொல்கிறார்கள், போகாது. குளூட்டன் இல்லாதது என்று ஒரு பொருளைச் சொல்ல கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரநிலை வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். வீட்டில் புளிக்கவைத்த கோதுமை, ரை, ஸ்பெல்ட் பிரெட் எதுவும் அந்த வரம்புக்குப் பக்கத்தில்கூட வராது. பழைய தானியம் என்பதால் ஸ்பெல்ட்டும் ஐன்கார்னும் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு, இரண்டும் கோதுமை இனம்தான். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவருக்குக் குளூட்டன் இல்லாத மாவில் தனியாகச் செய்யுங்கள். அதற்கென்று தனி ஸ்டார்ட்டர், தனிப் பாத்திரம், தனிச் சல்லடை வைத்துக்கொள்ளுங்கள்.